பனியும் படமும்

தமிழில் ‘பனி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ பொருள்களைச் சமாளித்து வருகிறோம். புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. இமயத்தில் குவிந்து கிடப்பதும் பனி. மார்கழி விடியலில் எதிரே வரும் ஆளை மறைப்பதும் பனி. ஆண்டை ஆறாகப் பகுத்த நம் முன்னோர் இரண்டு பருவங்களைப் பனிக்கே ஒதுக்கி, மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்றனர். மலையில் குடியிருப்போருக்கு இந்தப் பாகுபாடு போதாது. நீலகிரியில் நவம்பர் வந்தால் நீர்ப்பனி விழுகிறது என்பார்கள், பிறகு உறைபனி, இடையிடையே மூடுபனி. நீர்ப்பனி காலை நனைக்கும். உறைபனி பயிரைக் கருக்கும். மூன்றிலும் சாது மூடுபனிதான். அதனால் தொல்லைப்படுவோர் இரண்டே வகையினர்: பேருந்து ஓட்டுநர்கள், படம் எடுப்பவர்கள். ஓட்டுநர்கள் தங்கள் வேலையை நன்கு அறிந்தவர்கள். ஆகவே இக்கட்டுரை இரண்டாம் வகையினருக்கு.

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறி வருகிறவர்கள் கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும் வளைவில் வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. கீழே பஞ்சுப் பொதியை அவிழ்த்துக் கொட்டியது போன்ற வெண்மை; அதற்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டும் கற்பூர மரங்கள் (சமவெளி நண்பர்கள் தைலமரம் என்பார்கள்); எங்கோ ஒரு சிற்றூரின் ஓட்டுக் கூரைகள். கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் எடுத்த படத்தைப் பார்த்தால் வெளுக்காத வேட்டியைக் காயப்போட்டது போல ஒரு சாம்பல் பரப்பு. அதை நண்பனுக்கு அனுப்பினால், “என்னப்பா, ஒண்ணுமே தெரியலையே!” என்று பதில் வரும்.

கண் கண்டது எங்கே போயிற்று? மூன்றாண்டுகளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடையில் ஒரு பங்கு நம் இயற்பியல் வகுப்பில் கிடைத்தது. ஒரு பங்கு என் பெரியப்பாவிடம் கிடைத்தது. மீதி தேயிலைத் தோட்டத்தில் கிடைத்தது.

பெரியப்பா, உதகையை அடுத்த இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர். 1960இல் மைய அரசு நிறுவி, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. ‘இந்து’ என்ற பெயரில் அங்கே உருவான கறுப்பு வெள்ளைச் சுருள்களும் எக்ஸ்ரே பிலிமும் நாடெங்கும் போயின. இன்று அந்த ஆலை இயங்குவதில்லை. பிலிம் செய்யத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும், அதனால்தான் மலையைத் தேடி வந்தார்கள் என்று பெரியப்பா சொல்வார். பிலிம் செய்ய இவ்வளவு உகந்த ஊர், அதைக் காமிராவில் போட்டுக் கிளம்பினால் இவ்வளவு படுத்துகிறதே என்று நான் கேட்பதுண்டு. அவர் சிரித்துக்கொள்வார்.

அவர் எனக்குக் கற்பித்த முதல் பாடம் இது: “மூடுபனியில மீட்டர் சொல்றதக் கேக்காதடா. அதுக்கு வெள்ளைன்னா என்னன்னே தெரியாது.”

விஷயம் எளியது. காமிராவில் உள்ள ஒளிமானி, எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பொருள் என்பது அதன் கணக்கு. புல்வெளி, செம்மண், மனித முகம் ஆகியவற்றுக்கு இக்கணக்கு பெரிதும் பிழைபடாது. வெண்பனியைக் காட்டினாலும் அது, ‘வெளிச்சம் மிகுந்துவிட்டது’ என்று தவறாக எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். வெண்மை சாம்பலாகிறது. வெளுக்காத வேட்டியின் மர்மம் இவ்வளவே. மீட்டர் காட்டுவதைவிட முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுத்தால் பனி பனியாக வரும். செல்பேசியிலும் திரையைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்றும் வசதி உண்டு. அதைத் தொட்டுப் பார்த்தவர்கள்தாம் குறைவு. மூடுபனிக்குப் பின்னால் கதிரவன் எட்டிப் பார்க்கும் வேளையில் மட்டும் கை சற்று அடங்க வேண்டும். அவ்விடம் வெறும் வெள்ளையாகிவிட்டால் பிறகு எந்த வித்தையாலும் அதை மீட்க முடியாது.

இதோடு முடிந்திருந்தால் கட்டுரையும் முடிந்திருக்கும். வெண்மை சரியாக வந்த பிறகும், உள்ளே இருக்க வேண்டிய மரங்களும் மனிதர்களும் வருவதில்லையே, அது ஏன்?

இங்கே சிறிது இயற்பியல் தேவைப்படுகிறது. இலக்கிய மாணவர்கள் பொறுத்தருள்க. தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவது மங்குலால். அதற்குக் காரணமான துகள்கள் மிக நுண்ணியவை. நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிக்கும், சிவப்பை ஓரளவு நேரே போக விட்டுவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதகையில் படக்கூடம் வைத்து நீலகிரியைப் படம் பிடித்தவர் ஏ. டி. டபிள்யூ. பென். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளிதான் நன்றாகப் புலப்படும், சிவப்பு புலப்படாது. எனவே தொலைமலைகள் கண்ணுக்குத் தெரிவதைவிட வெளிறியே அவற்றில் விழும். பின்னாளில் எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் வந்தது. லென்ஸின் முன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியை மாட்டி நீலத்தைத் தடுத்தார்கள். மங்குல் விலகியது, மலை தெளிந்தது. பெரியப்பாவின் பையில் இன்றும் ஒரு சிவப்புக் கண்ணாடி கிடக்கிறது.

ஆனால் மூடுபனியிடம் சிவப்புக் கண்ணாடியின் வீரம் செல்லாது. மூடுபனி நீர்த்துளிகளால் ஆனது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு, இரண்டு பங்கு இருக்கும் ஒரு துளியின் குறுக்களவு. நமக்குச் சிறிதுதான், ஒளியின் அலைநீளத்துக்கோ அது பாறை. அந்தத் துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடித்துவிடும். மூடுபனி வெள்ளையாக இருப்பதே அதனால்தான். எந்த நிறக் கண்ணாடியை மாட்டினாலும் தடுப்பதற்கென்று தனி நிறம் அங்கே இல்லை. கடைக்காரர் ‘பனிக்கு நல்லது’ என்று விற்கும் புற ஊதாக் கண்ணாடியும் அப்படியே. லென்ஸில் கீறல் விழாமல் காக்கும், அவ்வளவுதான்.

பார்வை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கினால் அதை மூடுபனி என்று வானிலையாளர்கள் கொள்கிறார்கள். அதற்குள் பொருள்கள் எப்படி மங்குகின்றன என்பதற்கு 1924இல் கோஷ்மீடர் என்னும் ஜெர்மானியர் ஒரு விதி தந்தார். தொலைவு கூடக் கூட, பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு படிப்படியாகப் பெருக்கல் விகிதத்தில் தேய்கிறது. அது 2 விழுக்காடாகும் இடமே பார்வையின் எல்லை. வகுப்பில் இதைக் கரும்பலகையில் பார்த்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. என் சொந்தப் படம் ஒன்றில் போட்டுப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுத் தேயிலை ஓர் ஏக்கருக்கும் குறைவு. அது பள்ளத்தில் இருக்கிறது. உறைபனி முதலில் இறங்குவது பள்ளத்தில்தான். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து தாழ்வான இடத்தில் தேங்கும். உறைபனி பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொழுந்து தீயில் வாட்டியது போலக் கருகிவிடும். ஆகையால் சனவரி மாதத்தில் மாலையானதும் அம்மா வானத்தைப் பார்ப்பார். காற்றில்லாமல், விண்மீன்கள் மின்னி, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால், அன்றிரவு உறைபனி என்று பொருள். தாகைச் செடிகளை வெட்டி வந்து தேயிலைச் செடிகளின் மேல் மூட வேண்டும். மேகமோ மூடுபனியோ கவிந்த இரவானால் பெரும்பாலும் அச்சமில்லை. தரை வெளிவிடும் வெப்பத்தை அந்த நீர்த்துளிகள் உறிஞ்சித் திரும்பத் தரைக்கே அனுப்புகின்றன; கம்பளி போர்த்தியது போல. நம் ஊருக்கு வரும் விருந்தினர்கள் தெளிந்த வானத்தைக் கண்டு மகிழும் இரவில் எங்கள் தெருவில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. காலையில் அவர்கள் “ஐயோ, ஒன்றும் தெரியவில்லையே” என்று விடுதிச் சன்னலைச் சாத்துகிற நாளில்தான் எங்கள் வீட்டு அடுப்படியில் பேச்சும் சிரிப்பும் கேட்கும்.

ஒரு வாரம் தொடர்ந்து உறைபனி விழுந்து, பிறகு மூடுபனி வந்த ஒரு விடியலில் எடுத்த படம் அது. செடிகளை மூடிய தாகையை விலக்கிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் அம்மா, 15 மீட்டரில். அடுத்து அத்தை, 60 மீட்டரில். வேலி ஓரமாக அடுத்த வீட்டுப் பாட்டி, 140 மீட்டரில். பார்வை அன்று சுமார் 200 மீட்டர். எங்கள் பாதை திரும்பும் இடத்துச் சீகை மரத்தை வைத்து நான் கண்ட மதிப்பு. மூவரும் கருநிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். கோஷ்மீடர் விதிப்படி, அம்மாவின் உருவம் தன் இயல்பான வேறுபாட்டில் 75 விழுக்காடு எஞ்சி நிற்கும், அத்தைக்கு 31, பாட்டிக்கு 6. படத்தில் அளந்து பார்த்தால் ஏறத்தாழ அப்படியே இருந்தது. பாட்டி ஒரு நிழல் மாதிரி, குனிந்த முதுகு மட்டும் தெரிகிறார். முதுகைப் பார்த்தே அவர் யாரென்று எங்கள் தெருவில் எவரும் சொல்லிவிடுவார்கள்.

வெளியூரில் கல்லூரி மாணவர்களுக்காக நடந்த ஒரு போட்டிக்கு இதை அனுப்பினேன். படம் திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: “மூன்றாவது உருவம் தெளிவில்லை, பனியை நீக்கியிருக்கலாம்.”

பரிசு வராததில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் அந்த ‘நீக்கியிருக்கலாம்’ என்ற சொல்தான் உறுத்தியது. நீக்க முடியும் என்பது உண்மையே. ஒரே படத்தை வைத்துக்கொண்டு அதிலுள்ள மங்கலை மதிப்பிட்டுக் கழிக்கும் சிறந்த முறை ஒன்றை 2009இல் சீன ஆய்வாளர் ஹீ கைமிங்கும் உடன் உழைத்தோரும் வெளியிட்டார்கள். 2015இல் அடோபி நிறுவனம் தன் லைட்ரூம் மென்பொருளில் இதற்கென்றே ஒரு பொத்தானைச் சேர்த்தது. இன்று செல்பேசியிலும் அது கிடைக்கிறது. மெல்லிய மங்கலை அது நன்றாகவே நீக்குகிறது; அதைக் குறை சொல்ல மாட்டேன். மூடுபனிக்குள் 140 மீட்டர் தள்ளி நிற்கும் பாட்டியிடம் அதைக் காட்டினால் என்ன ஆகும்? 6 விழுக்காட்டை 75 ஆக்க வேண்டுமானால் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். பெருக்கும்போது பாட்டி மட்டும் பெருகுவதில்லை. காமிராவின் உணர்தகட்டில் எப்போதும் கிடக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சலும் அதே பன்னிரண்டு மடங்கு பெருகும். நான் செய்து பார்த்தேன். பாட்டியின் மேல் கேழ்வரகைத் தூவியது போல இருந்தது. புதிய செல்பேசிகள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கின்றன: இல்லாத விவரத்தைத் தாமே ஊகித்து நிரப்பிவிடும். அந்த முகம் அழகாக இருக்கலாம்; எங்கள் பாட்டியுடையதாக இராது.

ஆகவே மூடுபனிப் படத்தில் தரம் என்று நான் கருதுவது வேறு. வெண்மைக்கும் அதைவிடச் சற்றே குறைந்த வெண்மைக்கும் நடுவே உள்ள அந்த 6 விழுக்காட்டைக் காமிராவிலிருந்து பார்ப்பவர் கண் வரைக்கும் சேதமின்றிக் கொண்டு சேர்ப்பதே வேலை. அதைத் தின்பதற்கு வழியெல்லாம் ஆள் காத்திருக்கிறது.

முதல் ஆள் ஜேபெக். அந்தக் கோப்பில் கறுப்பு முதல் வெள்ளை வரை மொத்தம் 256 படிகள். வெயிலில் எடுத்த படம் அத்தனை படிகளிலும் பரவி நிற்கும். மூடுபனிப் படமோ அறுபது, எழுபது படிகளுக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காமிராவின் ஹிஸ்டோகிராமில் அது குறுகிய ஒரு மேடாகத் தெரியும். பிறகு கணிப்பொறியில் போட்டு அதை விரித்தால், அறுபது படிகளும் இடைவெளி விட்டு நிற்கும். இழைந்து மாற வேண்டிய பனி, ஏணிப்படி போலக் கோடு கோடாக விழும். அதுவும் போதாதென்று ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து நுண்ணிய வேறுபாடுகளைத் தள்ளிவிடுகிறது. ஆரவாரமான படங்களில் இது தெரிவதில்லை. சாதுவான சாம்பல் பரப்பில் கட்டம் கட்டமாகக் காட்டிக் கொடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னொரு சுற்று நசுக்கல். ‘ரா’ கோப்பாக எடுத்தால் 14 பிட் காமிராவில் 16,384 படிகள் கிடைக்கின்றன. அவற்றில் பாதி, வெளிச்சம் மிகுந்த கடைசி ஒரு ஸ்டாப்புக்குள்ளேயே இருக்கின்றன. மீட்டரை மீறி ஒளி கொடு என்று பெரியப்பா சொன்னதற்கு அவர் காலத்தில் இல்லாத ஒரு காரணமும் இப்போது சேர்ந்துகொண்டது. இதைச் சொன்னபோது, “நான் அப்பவே சொல்லல?” என்றார்.

அடுத்தது தூசி. உணர்தகட்டில் ஒட்டிய தூசி, மரக்கிளைகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். வெண்பனிப் பரப்பில் ஈ உட்கார்ந்தது போல் தெரியும். லென்ஸின் துவாரத்தை எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கச் சுருக்க அது கூர்மையாகும். எஃப் 8 போதும். அதற்கு மேல் சுருக்கிப் பெறப்போகும் கூர்மை மூடுபனியில் எதுவுமில்லை. தானியங்கிக் குவியமும் தடுமாறும், பற்றிக்கொள்ள விளிம்பு கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும். அந்தத் தூரத்திலேயே கறுத்த மரத்தண்டு ஏதாவது இருந்தால் அதில் நிறுத்திப் பிறகு கையால் பூட்டிவிடுவது நல்லது. தொலைநோக்கு லென்ஸை நம்பிப் பயனில்லை. அது மரத்தை அருகில் கொண்டுவரும். இடையிலுள்ள பனியையும் சேர்த்தே கொண்டுவரும். நடந்து போய்க் கிட்ட நிற்பதுதான் வழி. குளிரில் மின்கலம் சீக்கிரம் களைத்துவிடும், இன்னொன்றைச் சட்டைப் பையில் உடல் சூட்டில் வைத்திருக்கலாம்.

வீடு திரும்பும்போது இன்னும் ஒரு கண்டம் உண்டு. வெளியே இரண்டு மணி நேரம் குளிர்ந்த காமிராவை நேரே அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்தால், உலைப்பானை ஆவியெல்லாம் அதன் மேல் நீராய்ப் படியும், லென்ஸின் உட்புறத்திலுங்கூட. வாசலிலேயே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, உள்ளே கொண்டுவந்து, அறையின் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காமல் இருக்க வேண்டும். அந்த ஈரத்தைக் கவனிக்காமல் விட்டால் நம் மலையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்; சிலந்தி வலை போலப் படர்ந்து கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அரிசிப் பானையில் புதைத்து வைப்போரும் உண்டு. அரிசித் தூசுதான் உள்ளே போகும். இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். விடியற்கால மூடுபனி நீலம் கலந்திருக்கும். காமிராவைத் தானாகச் சரிசெய்ய விட்டால் அந்த நீலத்தைக் கழுவி மாவு போல ஆக்கிவிடும். நீலம் கொஞ்சம் இருக்கட்டும் என்பது என் கட்சி. குளிர் தெரிய வேண்டாமா? ஒளிபடு நேரத்திலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முப்பது விநாடி திறந்து வைத்தால் நகரும் பனி பாலாடை போல் வழவழப்பாகும். பலருக்கு அது பிடிக்கும். அறுபதில் ஒரு விநாடியில் எடுத்தால் பனியின் கிழிசல்களும் இழைகளும் தெரியும். கிழிந்த பனியே எனக்குப் பிடித்தது. தவிரவும், தாகை எடுக்கும் பெண்கள் முப்பது விநாடி அசையாமல் நிற்பார்களா?

தமிழ்த்துறையில் ‘புகைப்படம்’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்து ‘ஒளிப்படம்’ என்று திருத்துகிறார்கள். பொதுவில் திருத்தம் சரியே. மூடுபனியில் எடுத்ததற்கு மட்டும் பழைய சொல்லை அனுமதிக்குமாறு பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி ஆள் அச்சகம். அச்சில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்றில்லை. சிறிய கரும்புள்ளி, பெரிய கரும்புள்ளி, அவ்வளவே. மிகச் சிறிய புள்ளிகள், தாளில் மூன்று விழுக்காட்டுக்குக் குறைவாக மை படிய வேண்டியவை, அச்சுப் பொறியில் நிற்காமல் உதிர்ந்துவிடும். அவ்விடம் வெறும் தாளாகிப் பனியில் ஓட்டை விழுந்தாற்போல் தெரியும். வழவழப்பில்லாத தாளில் நடுத்தரப் புள்ளிகள் மையை உறிஞ்சிப் பருத்துக் கறுக்கும். இரண்டுக்கும் நடுவில் 6 விழுக்காட்டுப் பாட்டி அகப்பட்டுக்கொள்வார். இந்த மலரில் படத்துக்கு இடம் கிடைத்தால் வழவழப்பான தாளில் போடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டிருக்கிறேன். சாதாரணத் தாள்தான் என்றால், உதிரும் அளவைக் கணக்கிட்டு மூன்றாவது உருவத்தை ஒரு படி கருமையாக்கித் தருவேன். அதற்கு மேல் அதில் கை வைக்கும் உத்தேசம் இல்லை.